அக்குறணைக் கடைத்தெருவும் அறிவு பெற்ற மோட்டாரும்

கண்டி மாநகரிலிருந்து வடதிசை நோக்கிப் புறப்படும் ஏ-9 நெடுஞ்சாலை, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, மாத்தளை செல்லும் வழியில் அக்குறணையை அடைகிறது. யாழ்ப்பாணம்வரை நீளும் அப்பெருவழி இவ்வூரில் கடைத்தெருவாகவே மாறிவிடுகிறது. பிங்கா ஓயாவுக்கும் குன்றுகளுக்கும் இடையே ஒடுங்கிய வீதி, இருமருங்கும் கடைகள். ஆறாம் கட்டை, ஏழாம் கட்டை என்று பழைய மைற்கற்களின் பெயராலேயே ஊர்ப்பகுதிகளை வழங்குகின்றனர். வெள்ளிக்கிழமை நண்பகலில், ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்குச் செல்வதே பெரும் பிரயாணமாகிவிடும்.

இந்நெரிசலில் ஊரும் புதிய மோட்டார் வண்டிகள் சிலவற்றில் விந்தையான கருவியொன்று உண்டு. அது ராடாராலோ கமராவாலோ முன்வண்டியின் தூரத்தை அளந்து, அதற்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. இதன் மூதாதையை அமைத்தவர் ரால்ஃப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். ஐந்து வயதிலேயே பார்வையிழந்த அவர், வேகத்தை ஒரே சீராக வைக்கும் தமது கருவிக்கு 1950இல் காப்புரிமை பெற்றார். தூரத்தையும் அளக்கும் ராடார்க் கருவியை மெர்சிடிஸ் நிறுவனம் 1999இல் தன் வண்டிகளில் பொருத்தியது.

இடைவெளிக்கு ஏன் இத்துணை மதிப்பு? யப்பானிய ஆய்வாளர் 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 வண்டிகளை ஓடவிட்ட பரிசோதனை 2008இல் வெளியாயிற்று. தடையேதும் இல்லாதிருந்தும் நெரிசல் பிறந்தது! ஒருவர் சற்றே வேகம் குறைக்க, பின்னவர் இன்னும் குறைக்க, அது அலையாகப் பின்னோக்கிப் பரவிற்று. போதிய இடைவெளி விட்டு நிதானமாகச் செல்பவர் அவ்வலையைத் தணிக்கிறார்.

ஆயினும் கருவி மனிதனையும் மாற்றுகிறது. கால் ஓய்ந்தால் கண்ணும் ஓயத் துடிக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைகளைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, இக்கருவியை இயக்கியவர்கள் வேக எல்லையை மீறும் வாய்ப்பு 24 வீதம் அதிகம் என்று கண்டது. உழைப்பைக் குறைக்கவந்த பொறி, துணிச்சலை வளர்த்துவிட்டது!

அக்குறணையிலோ சோதனை வேறுவிதம். கருவி விட்டுவைக்கும் இடத்தில் முச்சக்கர வண்டியொன்று நுழைந்துவிடும். வண்டி மீண்டும் பின்தங்கும், வேறொன்று நுழையும். சாரதி பொறுமையிழந்து கருவியை நிறுத்திவிட்டு, முன்வண்டியை முட்டுமளவு நெருங்குவார். கடைத்தெருவில் கருவியை நிறுத்துவது முறையே. திடீரெனக் குறுக்கிடும் சிறுவனை அது உணரும் என்று நம்பியிருத்தல் ஆகாது. ஆனால் அதனுடன் நிதானத்தையும் நிறுத்திவிடுவதுதான் பிழை.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி, ஒரு வினாடியில் 10 மீற்றர் கடக்கிறது. முன்வண்டிக்குப் பின்னால் இரண்டு வினாடி இடைவெளி வேண்டுமாயின் 20 மீற்றர் விடவேண்டும். அந்த இடத்தில் இன்னொரு வண்டி புகுந்தால் நமக்கு நேரும் தாமதம் சில வினாடிகளே. புத்தகப்பையுடன் வீதியைக் கடக்கும் பிள்ளைக்கோ அவ்வினாடிகளே உயிராகும்.