விறகைத் தாங்கும் தெய்வங்கள்

ஐரோப்பிய அரண்மனைகளைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் கூரை ஓவியங்களுக்காகக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறார்கள். கணப்பின் வாயில் நிற்கும் உலோகச் சோடியைக் கவனிக்காமலே அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். ஆண்டயர்ன் எனப்படும் விறகுதாங்கிகள் அவை. படுக்கைவாட்டில் ஓர் இரும்புச் சட்டம், அதன் முன்முனையில் நிமிர்ந்த ஒரு தூண். இரு சட்டங்களின் மேல் கட்டைகளை அடுக்கினால் அடியில் காற்றுப் புகுந்து தீ நன்றாகப் பிடிக்கும். கட்டை அறைக்குள் உருண்டு வராமல் தூண் தடுக்கும். இந்த எளிய வேலைக்கு, தூணின் இடத்தில் ரோமானியத் தெய்வங்களின் உருவங்கள் எதற்கு? செல்வர்களின் வீண் பகட்டு என்பது வழக்கமான பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறந்த விறகுதாங்கிகளில் அலங்காரம், கருவி செய்யும் வேலையையே உருவமாக்கிக் காட்டுகிறது.

இதற்குச் சான்று லண்டனில், கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கிறது. ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்காக ஓவியர் வெலாஸ்கஸ் 1650-ஐ ஒட்டி இத்தாலியில் சிற்பி அலெஸ்ஸாண்ட்ரோ அல்கார்டியிடம் நான்கு பூதங்களைக் குறிக்கும் விறகுதாங்கிகளைச் செய்யச் சொன்னார். அவற்றில் இரண்டின் வெண்கல வார்ப்புகளை இங்கே காணலாம். ஒன்றில் டைட்டன்களை அடக்கிக் கழுகின் மேல் ஜூபிடர். மற்றதில் மயிலோடு ஜூனோ, அவள் ஆளுகைக்குள் காற்றுகள். அவர் நெருப்பு, அவள் காற்று. கட்டையைத் தூக்கிப் பிடித்து நெருப்புக்குக் காற்று ஊட்டுவதுதானே விறகுதாங்கியின் தொழில்? அந்தத் தொழிலே இருவராக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறது. அதே தொகுதியில் நீராக வரும் நெப்டியூனுக்கும் நிலமாக வரும் சைபெலேவுக்கும் கணப்பில் என்ன வேலை என்று கேட்டால், பூதக் கணக்கை நிறைவு செய்ததைத் தவிர வேறு பதிலில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் அரசவைக் கற்பனை, கொல்லனுக்கு இந்த நினைப்பே வராது என்றும் சொல்லலாம். வேல்ஸில் 1852-ல் கேப்பல் கார்மன் அருகே சதுப்பு நிலத்தில் கிடைத்த இரும்புக்கால விறகுதாங்கி அதை மறுக்கிறது. இரு முனைகளிலும் கொம்பும் பிடரிமயிரும் கொண்ட விலங்குத் தலைகள். அடித்து வளைத்த இரும்பில் அத்தனை நுணுக்கம். ரோமானியத் தெய்வங்கள் அந்தப் பக்கம் வருமுன்பே நெருப்பின் எல்லையில் ஓர் உயிரை நிறுத்தத் தோன்றியிருக்கிறது. என் கருத்துக்கு இன்னும் வலுவான மறுப்பு பிரான்சிலிருந்து வருகிறது. ஃபோந்தன்ப்ளோ அரண்மனையில் அரசி மரி அந்துவனெத்தின் துருக்கிய பாணி அறைக்காக 1777-ல் பியேர் கூத்தியேர் செய்த தங்க முலாம் பூசிய விறகுதாங்கிகளில் ஒட்டகங்கள் படுத்திருக்கின்றன. அவை அறையின் அலங்காரத்தோடு பேசுகின்றன, நெருப்போடு அல்ல. ஆனால் அதே அரண்மனையில் அன்றைய மன்னரின் காதலி மதாம் துய் பாரிக்காகப் பித்துவான் 1772-ல் செய்த சோடியில் கலைமானும் காட்டுப்பன்றியும் இருக்கின்றன. வேட்டைக்காடு சூழ்ந்த அரண்மனையில், காட்டின் விறகு எரியும் இடத்தில், காட்டின் விலங்குகள். ஆக, எல்லா அலங்காரமும் கருவியோடு பொருந்துகிறது என்று நான் சொல்லவில்லை. பொருந்துவதையும் பொருந்தாததையும் பிரித்தறிய முடியும் என்றே சொல்கிறேன்.

ஸ்பெயினின் அரான்ஹுவெஸ் அரண்மனைக்குப் போனவர்கள் கடைசியாக ஒரு கேள்வி எழுப்பக்கூடும். அல்கார்டியின் உருவங்கள் அங்கே தீவுத் தோட்டத்தின் நெப்டியூன் நீரூற்றில் அல்லவா நிற்கின்றன? தீயிலிருந்து நீருக்கு மாற்ற முடிந்த அலங்காரத்துக்கும் கணப்புக்கும் என்ன உறவு? மாற்ற முடிந்ததற்குக் காரணம் அமைப்பு: சூட்டைத் தாங்குவது பின்சட்டம், உருவம் முன்பகுதியில். ஆனால் நீரூற்றில் ஜூபிடரும் ஜூனோவும் கூட்டத்தில் இருவர் மட்டுமே. எரியும் கட்டைக்கு இருபுறமும் நின்றால்தான் அந்தச் சோடிக்குத் தனிப் பொருள் பிறக்கிறது. அருங்காட்சியகங்களிலும் பெரும்பாலும் முகப்பைத்தான் ரசிக்கிறோம். உருவத்தின் பின்னால் எட்டிப் பார்த்து இரும்புச் சட்டத்தையும் சேர்த்து மதிப்பிடுவதே அதைச் செய்தவனுக்கு நியாயம் செய்வதாகும்.