பழைய பிக்கப்பும் அப்பாவின் முதுகெலும்பும்

1/ பழைய பிக்கப் வண்டியைப் புதுப்பிக்கிற நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி கேட்கும் கேள்வி: "டாக்டர், ஓட்டினா இடுப்பு வலிக்குது, எந்த சீட் போடலாம்?" சீட்டை அப்புறம் பார்ப்போம். முதல்ல சஸ்பென்ஷனைப் பாருங்க.

2/ உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேலும் கீழுமாக அசைத்தால், நொடிக்கு சுமார் 4 முதல் 6 அதிர்வுகளில் முதுகெலும்பு அதிகமா குலுங்கும். நல்ல கார் ஏறக்குறைய 1 முதல் 1.5 அதிர்வில் மிதக்கும்.

3/ பிக்கப் சுமை தூக்கப் பிறந்த வண்டி. அதோட பின் ஸ்பிரிங் மூட்டைகளை மனசுல வச்சு செஞ்சது. காலியா ஓட்டினா எடை குறைவு, ஸ்பிரிங் விறைப்பு. அதிர்வு வேகம் கூடி, முதுகுக்கு ஆகாத அந்த எல்லையை நோக்கிப் போகும்.

4/ டெக்சஸில் நான் புதுப்பிப்பது 1969 செவ்ரோலே சி10. முன்னாடி காயில் ஸ்பிரிங். பின்னாடியும் நீளமான இரண்டு டிரெயிலிங் ஆர்ம் மேல காயில். அந்தக் காலத்து பிக்கப்பில் இது சொகுசான அமைப்பு. இதே மாதிரி பின் ஆர்ம் அமைப்பை நாஸ்கார் பந்தயக் கார்களிலும் பயன்படுத்தினாங்க.

5/ இந்த வண்டியில் பக்கத்து சீட் என் அப்பாவுக்கு. இடுப்புத் தண்டுவடத்தில் அறுவை சிகிச்சை ஆனவர், எலும்பு அடர்த்தியும் குறைவு. அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பலமான தூக்கிப்போடல் போதும், முதுகெலும்புக் கட்டை நசுங்கி முறியலாம். அதனால எனக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை.

6/ என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி: கம்பெனி உயரம். புது புஷ், பால் ஜாயின்ட், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர். செலவு குறைவு. பல வண்டிகளுக்கு இதுவே போதும். 50 வருஷ ரப்பர் புஷ்ஷோட ஓட்டிட்டு "வண்டியே இப்படித்தான்"னு சொல்லாதீங்க.

7/ இரண்டாவது: முன்னாடி 4, பின்னாடி 6 அங்குலம் இறக்குவது. பார்க்க அட்டகாசம். ஆனா ஆக்சில் மேலே வர இடமில்லை, சேசிஸில் நாட்ச் வெட்டணும், ஷாக் நீளம் மாறணும். பின் ஆக்சில் பக்கவாட்டில் நகரும், அதைச் சரிசெய்ய நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராட் வேணும். பள்ளத்தில் பம்ப் ஸ்டாப்பில் இடிச்சா அந்த அடி நேரா முதுகுக்கு.

8/ மூன்றாவது: ஏர் பேக். சுமைக்கு ஏற்ப காற்றை மாத்தலாம், ஏறி இறங்க வண்டியைத் தாழ்த்தலாம். ஆனா கம்ப்ரஸர், வால்வு, குழாய்னு பராமரிப்பு கூடும். பேக் எங்கேயாவது உரசினா நடுவழியில் நிற்கணும்.

9/ நான் எடுத்த முடிவு: இரு பக்கமும் 2 அங்குலம் மட்டும் இறக்கம், காலி வண்டிக்கு ஏத்த மென்மையான பின் ஸ்பிரிங், அதுக்குப் பொருத்தமான ஷாக். அப்பாவுக்கு ஏறும் உயரம் குறையுது, ஸ்பிரிங் அசையவும் இடம் மிஞ்சுது. என்னால இனி அரை டன் மூட்டை ஏத்த முடியாது. பரவாயில்லை, நான் உர வியாபாரி இல்லையே!

10/ இன்னொண்ணு. 1971ல்தான் சி10க்கு முன் டிஸ்க் பிரேக் வழக்கமான பாகமா வந்தது. அதுக்கு முந்தைய டிரம் வண்டின்னா, முன்பக்கத்தைப் பிரிச்ச கையோட டிஸ்க்குக்கும் மாறிடுங்க. இரண்டு தடவை கூலி எதுக்கு?

11/ மருத்துவரா ஒரு எச்சரிக்கை. இடுப்பு வலியோட கால் பலவீனம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் போக முடியாமை இருந்தா மெக்கானிக்கைத் தேடாதீங்க. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க.

12/ பாகம் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு தாளில் மூன்றே கேள்வி எழுதுங்க: யார் உட்காரப் போறாங்க? என்ன சுமை? எந்த ரோடு? பதில் எழுதியாச்சுன்னா எந்த ஸ்பிரிங்னு பெரும்பாலும் உங்களுக்கே தெரிஞ்சிடும்.