அப்புத்தளையில் ஒரு கோப்பைத் தேநீர்

நீங்கள் தேநீர்ப் பிரியரா? அப்படியானால் நாம் ஒரே கட்சி. எங்கு தேநீர் அருந்தினாலும் மனதுக்குள் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவது என் பழக்கம். நிறத்துக்கு 2, மணத்துக்கு 3, சுவைக்கு 3, குடித்த பின்னும் நாவில் நிற்கும் சுவைக்கு 2. பாலும் சீனியும் சேர்த்தால் இந்தக் கணக்குச் சரிவராது. வெறுந்தேநீருக்கு மட்டுமே புள்ளி.

நான் காலிப் பக்கத்தவன். 2,000 அடிக்குக் கீழே விளையும் தேயிலையில் வளர்ந்தவன். வெந்நீர் பட்டதும் கருஞ்சிவப்பாகச் சாயம் இறங்கும். மத்திய கிழக்கு நாட்டவரும் விரும்பி வாங்குவது இதைத்தான். உம்மா ஊற்றித் தரும் அந்தத் தேநீருக்கு எப்போதும் 8 புள்ளி. மலைநாட்டுத் தேயிலைக்கோ 5க்கு மேல் கொடுத்ததில்லை. "சாயமே இல்லையே!" என்பேன்.

இந்த எண்ணத்தோடுதான் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் அப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கினேன். கடைவீதியில் தேயிலை விற்கும் நானா ஒருவர் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்று கேத்தலை அடுப்பில் வைத்தார்.

தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வரும்போது வறண்டுவிடுகிறது. அதனால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை இங்கே கொழுந்து மெதுவாக வளர்கிறது, மணம் கூடுகிறது. சுவை பார்ப்பவர்கள் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் இட்டு, மூடி, 6 நிமிடம் விடுவார்களாம். நானாவும் அப்படியே செய்தார். பொன்னிறச் சாயம். வாயில் வைத்ததும் புதினா போன்றதொரு குளிர்ச்சி! தயங்காமல் 9 போட்டேன். அதில் ஒரு பக்கெட்டும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள், தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேதென்னத் தோட்டப் பக்கம் நடந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு லயத்துத் திண்ணையில் ஒதுங்கினேன். கொழுந்து பறித்துக் களைத்து வந்திருந்த அம்மா ஒருவர், கேளாமலே தேத்தண்ணி தந்தார். கறுப்பு, கடுப்பு.

"தூள்தான் தம்பி. நாங்க பறிக்கிற கொழுந்து என்ன ருசியா வரும்னு குடிச்சுப் பார்த்ததில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். நானா சொன்னபடியே ஊற்றினோம். அவர் ஒரு மிடறு குடித்தார். கோப்பையைப் பார்த்தார்.

"மணமாத்தான் இருக்கு தம்பி. சாயம் இல்லியே! குளிர்ல மலையேற இது பத்தாது."

என் பழைய வசனம்! இருவரும் சிரித்துவிட்டோம். தூள் என்றால் குப்பை என்று நினைத்திருந்தேன். அல்ல, சலிக்கும்போது கிடைக்கும் மிகச் சிறிய தரம் அது. சாயம் சீக்கிரம் இறங்கும். விடியற்குளிரில் மலையேறுபவருக்கு அதுதான் தேவை. ஆனால் வாழ்நாளெல்லாம் பறித்த கைக்குத் தன் கொழுந்தின் ருசி தெரியாமல் இருந்ததே, அது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

நேயர்களே, இன்று மாலை பாலை ஒதுக்கிவிட்டு, 6 நிமிடம் பொறுத்து, வெறுந்தேநீர் ஒன்று குடித்துப் பாருங்கள். விரும்பியபடி புள்ளி போடுங்கள். அந்த லயத்துத் தேநீருக்கு மட்டும் நான் இன்னும் புள்ளி போடவில்லை.