தவறு செய்யும் உரிமை

ஒரே ஒரு கோலுக்காக ஐம்பது ஆண்டுகள் தண்டிக்கப்பட்ட ஒரு கறுப்பு கோல்கீப்பர் இருந்தார். பெயர் மொவாசிர் பார்போசா. 1950 உலகக் கோப்பையை பிரேசில் இழந்த கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் அவரைச் சொல்கிறார்கள். அதற்கு முன் அவர் யார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நாம் அங்கிருந்து தொடங்குவோம்.

1921ல் காம்பினாஸ் நகரில் பிறந்தார். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்து அப்போது 33 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1945ல் ரியோவின் வாஸ்கோ ட காமா கிளப்பில் சேர்ந்தார். இந்தக் கிளப்பின் வரலாறும் நமக்கு முக்கியம். 1923ல் கறுப்பர்களும் உழைப்பாளிகளும் நிறைந்த அணியோடு ரியோ சாம்பியன் ஆனது வாஸ்கோ. பொறுக்க முடியாத பணக்காரக் கிளப்புகள் மறு ஆண்டே தனி லீக் தொடங்கின. 12 வீரர்களை நீக்கினால்தான் சேர்ப்போம் என்றன. நீக்க முடியாது என்று 1924 ஏப்ரல் 7 அன்று கடிதம் எழுதியது வாஸ்கோ.

அந்தக் கிளப்பின் கோலைத்தான் பார்போசா காத்தார். 1948ல் சிலியின் சாண்டியாகோவில் நடந்த தென் அமெரிக்க சாம்பியன் கிளப்புகளின் போட்டியில், டி ஸ்டெஃபானோ ஆடிய ரிவர் பிளேட்டை 0-0 என்று தடுத்து நிறுத்தி வாஸ்கோ கோப்பையை வென்றது. 1949ல் பிரேசில் தென் அமெரிக்கக் கோப்பையை வென்றபோதும் அவர்தான் கோல்கீப்பர்.

பிறகு 1950 ஜூலை 16. மரக்கானா மைதானத்தில் ஏறக்குறைய 2 லட்சம் பேர். டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. 47வது நிமிடத்தில் ஃப்ரியாசா கோல் அடித்தார். 66வது நிமிடத்தில் உருகுவேயின் கீஜியா வலது ஓரமாக ஓடிவந்து பந்தை நடுவே தள்ள, ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79வது நிமிடத்தில் மறுபடியும் கீஜியா, அதே வலது ஓரம். இம்முறையும் நடுவேதான் தள்ளுவார் என்று கணித்து பார்போசா நகர்ந்தார். கீஜியாவோ அவருக்கும் கம்பத்துக்கும் இடையில் இருந்த சந்தில் அடித்துவிட்டார். 2-1.

அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறோம். நல்ல கோல்கீப்பர் அப்படித்தான் கணிப்பார். சுவீடனுக்கு 7, ஸ்பெயினுக்கு 6 என்று கோல் அடித்த முன்வரிசை அன்று ஒன்றோடு நின்றுபோனது. 11 பேரும் சேர்ந்து தோற்ற ஆட்டம் அது.

ஆனால் பழி விழுந்தது மூவர் மேல்: பார்போசா, பிகோடே, ஜுவெனால். மூவருமே கறுப்பினத்தவர். அதோடும் நிற்கவில்லை. கறுப்பர்கள் கோல் காக்க லாயக்கில்லை, நெருக்கடியில் உடைந்துபோவார்கள் என்பது பொதுப்புத்தி ஆனது. 1966ல் மங்கா ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். உலகக் கோப்பையில் பிரேசிலின் முதல் தெரிவாக இன்னொரு கறுப்பு கோல்கீப்பர் நின்றது 2006ல், டிடா. இடையில் 56 ஆண்டுகள்! பெலேவைக் கொண்டாடிய அதே நாடுதான். கோல் அடித்துக் கொடுக்கக் கறுப்பர் வேண்டும்; நம்பிக் காவலுக்கு நிறுத்த மட்டும் மனம் வராது.

2014ல் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 7 கோல் வாங்கியது பிரேசில். அன்று நின்ற ஜூலியோ சீசரைக் காட்டி, இந்த நிறத்துக்காரர்களே இனி வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?

இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா? நம்மில் ஒருவர் வேலையில் சறுக்கினால், "இவங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தா இப்படித்தான்" என்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர் சறுக்கினால், "பாவம், வீட்ல என்ன பிரச்சினையோ" என்கிறார்கள். அவர் தவறு அவரோடு போய்விடும். நம் தவறு நம் தெரு முழுக்க, அடுத்து வேலைக்கு வரப்போகும் பிள்ளைவரை ஒட்டிக்கொள்ளும். ஆகவேதான் நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஒரே கோப்பை மூன்று முறை சரிபார்க்கிறார்கள். அதைச் சிலர் தன்னம்பிக்கைக் குறைவு என்று வேறு சொல்கிறார்கள்.

பார்போசா 1962 வரை, தன் 41 வயதுவரை ஆடினார். ஆனால் 1950க்குப் பிறகு நாட்டுக்காக ஆட அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆட்டம், 1953ல். ஓய்வுக்குப் பின் பிழைப்புக்காக அதே மரக்கானாவில் வேலை பார்த்தார். 1993ல் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குப் போனவரை ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லை. பிரேசிலில் அதிகபட்ச தண்டனையே 30 ஆண்டுகள், நானோ 50 ஆண்டுகளாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் வருந்தினார். 2000 ஏப்ரல் 7 அன்று இறந்தார். வாஸ்கோ அந்தக் கடிதம் எழுதிய அதே தேதி.

பார்போசா தவறே செய்யவில்லை என்று வாதாடுவது நம் வேலை இல்லை. செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மனிதன் தவறு செய்தால் அது அந்த மனிதனின் தவறாக மட்டுமே இருக்க வேண்டும். நுழைவதற்கான உரிமையைக் கேட்டுப் போராடிய நாம், நுழைந்த இடத்தில் மற்றவர்களைப் போலச் சறுக்கி எழும் உரிமையையும் சேர்த்தே கேட்க வேண்டும். அது கிடைக்காதவரை, கிடைத்தது பாதிச் சமத்துவம்தான்.