உறைக்குள் இருந்த விலை

திங்கட்கிழமை

இன்று மாலை பல்கலைக்கழகத்தில் ஆட்டக் கோட்பாட்டு வகுப்பு ஆரம்பமாயிற்று. வான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் வெளியிட்ட பெருநூலில் வேரூன்றிய இந்தச் சாஸ்திரத்துக்கு, 1950-இல், 21 வயது இளைஞராயிருந்த ஜான் நாஷ், இரண்டே பக்கங்களில் அடங்கிய கட்டுரையொன்றால் புது ஜீவன் அளித்தார். பிறர் தத்தம் யுக்தியை மாற்றாதிருக்கையில், தான் மட்டும் மாற்றிக்கொள்வதால் எவனுக்கும் ஆதாயமில்லாத நிலை எதுவோ, அதுவே நாஷ் சமநிலை.

ஆனால் சமநிலையெல்லாம் நன்னிலை ஆகிவிடாது. ஆசிரியர் கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்தார். எதிரெதிர்க் கடைக்காரர் இருவரும் விலையைக் குறைக்காதிருந்தால் ஆளுக்கு 10 ரூபாய் லாபம். இருவரும் குறைத்தால் ஆளுக்கு 5. ஒருவர் மட்டும் குறைத்தால் அவருக்கு 15, மற்றவருக்கு 2. எதிரி எதைச் செய்தாலும் குறைப்பதே லாபமாகையால், பத்தைப் பெறக்கூடிய இருவரும் ஐந்தில் வந்து நிற்கிறார்கள். இருவரும் விவேகிகளே, ஆட்டத்தின் விதிதான் அவர்களை அங்கே கொண்டு நிறுத்துகிறது.

புதன்கிழமை

விதி மாறினால் மனிதர் நடத்தையும் மாறும் என்பதற்கு ஏலமே இன்றைய திருஷ்டாந்தம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் விக்ரி 1961-இல் ஆராய்ந்த முறை இது: கேட்பவர்கள் விலையை எழுதி உறையிலிட்டுத் தருவார்கள், அதிகம் எழுதியவருக்கே பொருள், ஆனால் அவர் கொடுக்க வேண்டியது அடுத்தபடியாக எழுதப்பட்ட விலையைத்தான்.

எனக்கு 500 ரூபாய் மதிப்புள்ள பொருளுக்கு 600 என்று எழுதி, வேறொருவர் 550 எழுதியிருந்தால், பொருளோடு 50 ரூபாய் நஷ்டமும் எனக்கே. 400 என்று எழுதி, அவர் 450 எழுதியிருந்தால், கிடைத்திருக்க வேண்டிய 50 ரூபாய் ஆதாயம் கைநழுவிப் போகும். நான் எழுதும் தொகை எனக்குப் பொருள் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறதேயன்றி, நான் கொடுக்கும் விலையைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே, சுயநலமே உருவானவனுக்கும் உண்மையை எழுதுவதே உத்தமம்.

வெள்ளிக்கிழமை

விக்ரிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தச் சூட்சுமத்தைக் கையாண்டவர் மகாகவி கதே என்று அறிந்தபோது உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை. 1797-இல் தம்முடைய 'ஹெர்மனும் டோரதியாவும்' என்ற காவியத்தை பெர்லின் பதிப்பாளர் ஃபீவெக்குக்கு விற்க எண்ணிய கதே, தாம் விரும்பும் விலையை உறையிலிட்டு முத்திரையிட்டு, ப்யூட்டிகர் என்ற மத்தியஸ்தரிடம் ஒப்படைத்தார். பதிப்பாளர் சொல்லும் தொகை அதற்குக் குறைந்தால் பேரம் முறியும், உறையும் திறக்கப்படாமலே திரும்பும். மிகுந்தாலோ, உறையிலுள்ள தொகையைக் கொடுத்தால் போதும். தம் எழுத்துக்குப் பதிப்பாளர் மனத்தில் உள்ள மெய்யான மதிப்பை அறிவதே கவிஞரின் உள்நோக்கம்.

உறையில் இருந்தது 1,000 தாலர். ஃபீவெக் சொன்னதும் சரியாக 1,000 தாலர்தான்! மத்தியஸ்தரே ரகசியத்தைக் கடிதத்தில் கசியவிட்டிருந்தார். கவிஞருக்குக் கேட்ட பணம் கிடைத்தது. அறிய விரும்பிய உண்மை கிடைக்கவில்லை.

விதி எத்துணை நுட்பமாக வகுக்கப்பட்டாலும், அதைக் காப்பவனுக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு காய் உண்டு. அவனுடைய லாபநஷ்டத்தையும் கணக்கில் சேர்க்காத ஏலம் எதுவாயினும், அது பாதி வகுத்த ஏலமே.