ஐந்து பெட்டி கூட்ஸ் வண்டி

நாக்பூரில் நிலக்கரி வண்டிக்குப் பஞ்சமே இல்லைங்க. ரயில்வே கேட்டில் மாட்டினால் போதும், பொண்ணு பெட்டி எண்ண ஆரம்பித்துவிடுவாள். அவளுக்காக (எனக்காகத்தான் என்கிறார் தங்கமணி, நம்பாதீர்கள்) பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி அந்தத் திறந்த பெட்டிகளைச் செய்துகொண்டிருக்கிறேன். 'பாக்ஸ்-என்' ரகம். எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு.

முன்னாடி இருந்த 'பாக்ஸ்' பெட்டி 13.729 மீட்டர் நீளம், வாக்குவம் பிரேக். 1980-களில் வந்த பாக்ஸ்-என்னுக்கு ஏர் பிரேக். நீளமோ 10.713 மீட்டர்தான். ஏன் குட்டையாக்கினார்கள்? ஸ்டேஷன் லூப் லைன் 686 மீட்டர். அதற்குள் வண்டி அடங்கணும். புதுசில் 58 பெட்டி கோத்தால் 621 மீட்டர், இன்ஜினுக்கும் பிரேக் வேனுக்கும் இடம் மிச்சம். அதே நீளத்தில் பழைய பெட்டி 45 தான் நிற்கும். ஒவ்வொன்றும் 58 டன் சுமக்கும் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்!

என் பெட்டி ஒன்று 12.3 செ.மீ. 58 பெட்டிக்கு ஏழு மீட்டருக்கு மேல் வேண்டும். எங்கள் ஹாலே நாலு மீட்டர், அதில் சோஃபா வேறு. ஆக ஐந்து பெட்டிதான் :)

கோடைக்கு அப்பா வந்திருந்தார். ஜோலார்பேட்டையில் கூட்ஸ் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். (2022-ல் அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.) பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவர், "டேய், இது நம்ம லைன் இல்லையே, சக்கரம் உள்ள ஒடுங்கியிருக்கே" என்றார்.

எப்படிக் கண்டுபிடித்தாரோ! கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு அது. நம் பிராட்கேஜ் 1676. அதற்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். சரியாகச் செய்யணும்னா தண்டவாளத்தையே கையால் போடணும். தெரிந்தேதான் விட்டிருந்தேன்.

"அது கெடக்கட்டும். பிரேக் வேன் எங்க? கடைசி வண்டியில எல்.வி. போர்டு பாக்காம, முழு வண்டியும் வந்துச்சுன்னு எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் ஒத்துக்க மாட்டான்."

இப்போது நாலு சக்கர பிரேக் வேன் வெட்டிக்கொண்டிருக்கிறேன். கை பிரேக் சக்கரம் இங்கே, சீட்டு அங்கே என்று தினமும் போனில் அப்பா சொல்கிறார். "லைட் எங்க தாத்தா? பாத்ரூம்?" என்று கேட்டாள் பொண்ணு.

"ரெண்டும் கிடையாதும்மா" என்றார். இத்தனை வருஷத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை.