ஐப்பசியில் ஒரு பருத்திக்காடு

என் சிறுகதை அச்சில் வந்த வாரம் குளத்தூர் டீக்கடையில் நான்தான் ஹீரோ. அடுத்த வாரம் வாசகர் கடிதம் வந்தது. ‘ஐப்பசி மழையில் கதாநாயகி பருத்தி எடுக்கிறாளாம்! கரிசலில் ஐப்பசியில் விதைப்பார்கள். மாசி, பங்குனியில்தான் எடுப்பார்கள். ஆசிரியர் காட்டில் கால் வைத்ததே இல்லை போலும்.’

சுருக்கென்று இருந்தது. ராத்திரியே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ‘கதை வேறு, பஞ்சாங்கம் வேறு’ என்று ஆரம்பித்து நாலு பக்கம்!

துணைக்குப் பெரியவர்களையும் இழுத்துக்கொண்டேன். புதுமைப்பித்தன் 1943-ல் ‘காஞ்சனை’ முன்னுரையிலேயே விமரிசகர்களை ஒரு பிடி பிடித்தவர். அவர்கள் முழக்கோலுக்குக் கதை பிடிபடாவிட்டால் தான் ஜவாப்தாரி இல்லை என்கிற தோரணை. அடடா, நம்ம ஆள்!

அடுத்து, பக்கத்து இடைசெவல்காரர் கி.ரா. வட்டாரப் பேச்சில் எழுதினால் ‘கொச்சை’ என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. மனுஷர் அந்தச் சொற்களையே திரட்டி 1982-ல் ஓர் அகராதி கொண்டுவந்துவிட்டார். 1991-ல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு சாகித்ய அகாடமி பரிசும் வந்தது.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவரிடம் அகராதி போடுகிற அளவுக்குச் சரக்கு இருந்தது. என்னிடம்? மாசம் தெரியவில்லையே, சார்!

இன்னொன்றும் உறுத்தியது. எங்களுக்கும் மூணு ஏக்கர் கரிசல் இருந்தது. அதை விற்றுத்தான் அய்யா என்னைப் படிக்க வைத்தார். விளாத்திகுளம் ஆபீஸில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து நான் ஃபைல் தள்ளுவது அந்தக் காட்டுப் புண்ணியத்தில்தான். கால் வைக்காதவன் என்று எழுதினவர் இது தெரிந்தா எழுதினார்?

திண்ணையில் அய்யா விழித்துக்கொண்டுதான் இருந்தார். “என்னடா ராத்திரில எழுத்து?”

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், கேட்டுவிட்டுச் சிரித்தார். கதையை நான் அவரிடம் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“எழுதுனவன் சம்சாரியாத்தான் இருப்பான். பதில் போடு.”

“என்னன்னு போட, அய்யா?”

“அவன் காட்டுல இந்த வருசம் மழை எப்படின்னு கேளு.”

நாலு பக்கத்தையும் கிழித்தேன். மறுநாள் போஸ்டாபீஸ் போய் ஒரு கார்டு வாங்கினேன்.